மர பிக்: காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கிட்டார் சொல்லித் தருகிறேன். அப்பா மரவேலைக்காரர், பட்டறை வீட்டுக்குப் பின்புறமே இருக்கிறது. ஒருநாள் அவர் ஒரு நாற்காலிக் கையைச் சரிசெய்து ஒதுக்கிப் போட்ட ஈட்டி மரத் (ரோஸ்வுட்) துண்டில், கிட்டார் கம்பியை மீட்டும் பிக் ஒன்றை விளையாட்டாகத் தேய்த்தேன். அது கையில் உட்கார்ந்த விதம் பிடித்துப் போய், அன்றிலிருந்து மரத்தில்தான் வாசிக்கிறேன், கேட்பவர்களுக்குச் செய்தும் கொடுக்கிறேன். மாணவர்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், திருவிழாவில் லைட் மியூசிக் வாசிக்கும் நண்பர்கள் என்று எல்லாரும் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

பிக்னா பிளாஸ்டிக்தானே சார்? மரத்துல எதுக்குச் செய்யணும்?

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் கம்பியை மீட்டும் சிறிய தகடுதான் பிக். கடையில் கிடைக்கும் சாதாரண பிக் சுமார் 30 மில்லிமீட்டர் நீளம், 26 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். பிளாஸ்டிக் இதில் பின்னால் வந்த பொருள். அதற்கு முன்பு அழுங்காமை ஓட்டில் செய்த பிக்தான் உயர்ந்தது என்று பெயர் வாங்கியிருந்தது. நம் மன்னார் வளைகுடாவிலும் திரிகிற அதே ஆமைதான். 1920-களில் நியூயார்க்கில் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் தகட்டை வெட்டி பிக் செய்ய ஆரம்பித்தார்கள். 1970-களில் ஆமை ஓட்டு வணிகத்துக்குத் தடை வந்த பிறகு நைலான், டெல்ரின் என்று பிளாஸ்டிக் வகைகளே கடையை நிரப்பிவிட்டன.

ஆனால் கம்பியை மீட்ட மரம், கொட்டாங்கச்சி, கொம்பு, இறகு எல்லாமே மிகப் பழைய காலத்திலிருந்து பயன்பட்டவை. சரோடு என்ற வட இந்தியத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர்கள் பிடிக்கும் ‘ஜவா’ பெரும்பாலும் கொட்டாங்கச்சியில் தேய்த்ததுதான். வெளிநாட்டில் கையால் பிக் செய்பவர்கள் ‘அபூர்வ மரம்’ என்று விலை வைத்து விற்கும் பட்டியலில் இந்திய ஈட்டியும் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறையில் இழைப்புளிக்குக் கீழே சுருண்டு கிடப்பது அதே ஈட்டி.

சத்தம் நிஜமாவே மாறுதா, இல்ல நமக்கு அப்படித் தோணுதா?

மாறுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் பிக்கால் ஸ்ட்ரம் செய்யும்போது (எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் மீட்டும்போது) ‘சட் சட்’ என்று ஒரு தட்டல் ஒலி சேர்ந்தே வரும். பிக் வளைந்து மீள்வதால் வரும் சத்தம் அது. மர பிக் தடிமனானது, வளையாது; அதனால் அந்தத் தட்டல் இருக்காது. பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் மரத்தின் விளிம்பு கொஞ்சம் மிருது. கம்பியை விடும் கணம் சற்று இழுபடும், கீச்சென்ற மேல் ஸ்வரங்கள் அடங்கும், ஒலி உருண்டு வரும். மெலடிக்கும் பேஸ் கிட்டாருக்கும் உகுலேலேவுக்கும் இது அருமை. குத்துப் பாட்டுக்கு வேகமாக ஸ்ட்ரம் செய்பவர்களுக்கு நான் மர பிக்கைச் சிபாரிசு செய்வதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒலியைத் தீர்மானிப்பதில் மரத்தின் பெயருக்கு நான்காவது இடம்தான். முனை எவ்வளவு கூர், விளிம்பு எப்படிச் சரிகிறது, தடிமன் எவ்வளவு என்ற மூன்றும் அதற்கு முன்னால் வருகின்றன. ஒரே ஈட்டிப் பலகையில் முனையைக் கூராக்கி ஒன்று, மழுங்கலாக ஒன்று என்று இரண்டு பிக் செய்து மாணவர்களிடம் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இரண்டும் வேறு வேறு மரம் என்றுதான் சொல்வார்கள்.

எந்த மரம் நல்லது? கெட்டி மரம்னு எதை வச்சுச் சொல்றீங்க?

மரத்தின் கடினத்தை அளக்க ஜான்கா என்று ஒரு சோதனை உண்டு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு மரத்தில் பாதி புதைய எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பார்கள். தேக்குக்குச் சுமார் 1,070 பவுண்டு விசை. ஈட்டிக்குச் சுமார் 2,440. நம் வீடுகளில் சில இடங்களில் பார்க்கும் முதிரைக்கு ஏறக்குறைய 2,600. ஆப்பிரிக்கக் கருங்காலி 3,000-ஐத் தாண்டும். லிக்னம் வைட்டே என்ற அமெரிக்க மரம் 4,390 வரை போகிறது. அதற்குள்ளேயே எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒரு காலத்தில் கப்பல் உந்துதண்டுக்கு பேரிங்காகவே போட்டார்கள்.

பிக்குக்கு 2,000-க்கு மேல் இருந்தால் போதும். இங்கே கைக்கு எட்டுவதில் ஈட்டி, முதிரை, புளியங்கட்டையின் வைரம், கருங்காலி ஆகிய நான்கும் நன்றாக வருகின்றன. புளியைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கறிக்கடையில் நாள் முழுக்க வெட்டு வாங்கும் கட்டை எந்த மரம் என்று கேட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த உள்பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்து வெளிர் பகுதி சீக்கிரம் மாவாகும்.

எங்க வீட்டுல பர்மா தேக்கு நிறையக் கெடக்கு. அதுல செஞ்சு குடுங்களேன்?

இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒருமுறை வரும். செட்டிநாட்டில் மரம் என்றாலே பர்மா தேக்குதான் நினைவுக்கு வரும். கப்பலில் வந்த தூண்களைத் தொட்டு வளர்ந்தவர்கள் நாம். தூணுக்கும் நிலைக்கும் உத்தரத்துக்கும் அதற்கு ஈடு கிடையாது. பூச்சி அரிக்காது, மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. ஆனால் மேலே சொன்ன எண்ணைப் பாருங்கள். ஈட்டியில் பாதிகூட இல்லை. ஒரு கச்சேரி முடிவதற்குள் முனை தேய்ந்து பஞ்சு போலாகிவிடும். தேக்கில் மணல் சத்து வேறு உண்டு, வாளின் பல்லை மழுக்கும்.

வீட்டு ஞாபகமாக வேண்டும் என்றால் தேக்கில் பிக் வைக்கும் சிறு டப்பா செய்யலாம். அதற்கு மிகப் பொருத்தமான மரம் அது.

எங்கிட்ட இருக்கிற பிளாஸ்டிக் பிக் 0.73. மரத்துலயும் அதே கனம் கெடைக்குமா?

கிடைக்காது. 0.73 மில்லிமீட்டருக்கு மரத்தைச் சீவினால் அது ஐஸ்கிரீம் குச்சியைவிட மெல்லிசு. முதல் ஸ்ட்ரம்மிலேயே பிளந்துவிடும். மர பிக் 1.5 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 3 வரை போகும். நான் நடுப்பகுதியை 2.5 வைத்து, முனைக்கு வரும்போது 1.2 அளவுக்குச் சரித்துவிடுவேன்.

மெல்லிய பிக்கில் பழகியவர்களுக்கு முதல் இரண்டு நாள் கம்பியில் சிக்குவது போல இருக்கும். பிடியைத் தளர்த்தி, பிக்கைக் கம்பிக்கு நேராக வைக்காமல் லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். சரிந்த விளிம்பு கம்பியில் வழுக்கிக்கொண்டு போகும்.

அண்ணே, ஒரே நாள்ல முனை ஒடிஞ்சு போச்சு. மரம் மட்டமா?

மரம் நல்லதுதான், வெட்டிய திசை தவறு. அந்தத் தம்பி கொண்டுவந்த துண்டைச் சாளரத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். மரத்தின் ரேகை பிக்கின் குறுக்கே ஓடியது. ஒடிந்த இடம் ரேகையோடு கத்தியால் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. விறகை நார் ஓடும் வாக்கில் பிளப்பது எவ்வளவு சுலபம்! அதே கதைதான் இங்கே நடந்திருக்கிறது.

ரேகை பிக்கின் அகன்ற பக்கத்திலிருந்து முனையை நோக்கி நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போது முனை ஒடியாது. கம்பியில் உரசுவதும் நாரின் வெட்டுமுகமாக இருப்பதால் தேய்மானமும் குறையும். வாங்கும்போது முதலில் இதைப் பாருங்கள். பலர் அழகான குறுக்கு வரிகளுக்காகத் திசையை மாற்றி வெட்டிவிடுகிறார்கள்.

நானே செய்யணும்னா என்னென்ன சாமான் வேணும்?

பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். மெல்லிய பல் உள்ள கைவாள், ஒரு தட்டை அரம், 120, 240, 400, 1000 எண் உப்புத்தாள், மாதிரிக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் பிக். முதலில் மூன்று மில்லிமீட்டர் தகடாக அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இதை மட்டும் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துவிடுவது நல்லது. இவ்வளவு சின்னத் துண்டை மெஷின் வாளில் தள்ளினால் விரலுக்கு ஆபத்து. தகட்டின் மேல் பிளாஸ்டிக் பிக்கை ரேகை பார்த்து வைத்துப் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு அறுத்து, மீதியை அரத்தால் கொண்டுவாருங்கள்.

அடுத்தது விளிம்பு. முழு நேரமும் இதற்குத்தான் போகும். ஒரு மேசை மேல் 240 தாளை விரித்து, பிக்கைச் சாய்த்து முனையிலிருந்து தோள் (மேலே அகன்ற மூலை) வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பத்து இழுப்பு இந்தப் பக்கம், பத்து அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு நகத்துக்குத் தெரியும். ஈட்டியாக இருந்தால் தேய்க்கத் தேய்க்க ஊதாப் பொடி விழும், இனிப்பாக ஒரு வாசனை வரும். கடைசியில் 1000 தாளில் முடித்து, ஈரத் துணியால் ஒருமுறை துடையுங்கள். நார் சிலிர்த்து நிற்கும். காய்ந்ததும் அதையும் 1000-ல் தேய்த்துவிட்டால் மறுபடி சிலிர்க்காது. எனக்கு இப்போதும் ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

மேலே பாலிஷ் என்ன போடணும்?

எதுவும் போடாமல் விட்டாலே நல்லது. வார்னிஷ், பிரெஞ்ச் பாலிஷ் எல்லாம் முனையில் முதல் நாளே உரிந்துவிடும், கைக்கும் வழுக்கும். ஆசைக்கு இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தடவி, அரைமணி கழித்து நன்றாகத் துடைத்து, ஒரு வாரம் காயவிடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயாது, கம்பியில் ஏறி அழுக்கைச் சேர்க்கும்.

மரத்தால கம்பி தேஞ்சிடாதா? பிக் எவ்வளவு நாள் வரும்?

எஃகுக் கம்பிக்கு மரத்தால் ஒன்றும் ஆகாது. தேய்வது பிக்தான். மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பியின் மேற்பரப்பு கிட்டத்தட்ட ஓர் அரம். தினம் ஒரு மணி நேரம் ஸ்ட்ரம் செய்தால் ஈட்டி பிக்கின் முனை இரண்டு மூன்று வாரத்தில் மழுங்கத் தொடங்கும். மெலடி மட்டும் வாசித்தால் மாதக்கணக்கில் வரும். மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேலே சொன்னபடி விளிம்பைத் தாளில் பத்துப் பத்து இழுப்பு இழுத்தால் புதிதாகிவிடும். அப்படி ஒரு பிக்கை ஐந்தாறு முறை புதுப்பிக்கலாம். நைலான் கம்பிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: சொரசொரப்பான விளிம்பு அதைக் கீறும். 1000 தாளை அங்கே தவிர்க்காதீர்கள்.

மேடையில வேர்த்து வழுக்குது. என்ன பண்றது?

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் யாருக்கும் வழுக்கத்தான் செய்யும். கட்டைவிரல் படும் இடத்தில் உருண்டை உளியால் ஆழமில்லாமல் ஒரு குழி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நடுவில் ஆறு மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள்; விரலின் சதை துளைக்குள் கொஞ்சம் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். துளையை முனைக்குப் பக்கத்தில் போட்டால் அங்கேயே ஒடியும், மேல்பாதியில் போடுங்கள்.

கையில அரிப்பு வருதே, மரத்தாலயா?

இருக்கலாம். ஈட்டி வகை மரங்களில் உள்ள இயற்கையான சில வேதிப்பொருள்கள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். தேய்க்கும்போது பறக்கும் தூசி இன்னும் மோசம், எனவே முகமூடி கட்டாயம். என் மாணவி ஒருத்திக்கு ஈட்டி பிக் பிடித்த இரண்டாம் நாள் விரல்நுனி சிவந்தது. புளியங்கட்டைக்கு மாற்றிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. சிவப்பு நீடித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், பிக்கை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கருங்காலி பிக் ராசின்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, வாங்கலாமா?

ராசி உங்கள் வீட்டு நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. மரமாகப் பார்த்தால் கருங்காலி பிக்குக்கு முதல்தரம். அந்தக் காலத்தில் உலக்கைக்கு அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் காரணமில்லாமல் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு எந்த மரத்தையும் கறுப்பாக்கி அந்தப் பெயரில் விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். முனையைத் தேய்த்ததும் உள்ளே வெள்ளை மரம் எட்டிப் பார்த்தது. வியர்த்த விரலில் மை ஒட்டியது.

சானிடைசர் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கன்னங்கரேலென்று இறங்கினால் சாயம். தண்ணீரில் போட்டு மூழ்கினால்தான் அசல் என்பதை நம்ப வேண்டாம். நன்றாகக் காய்ந்த அசல் கருங்காலி மிதக்கவும் செய்யும். தயக்கமில்லாமல் மூழ்குவது லிக்னம் வைட்டே. வீட்டில் உடைந்த பழைய கருங்காலி உலக்கை கிடந்தால், அதைவிட நம்பகமான கட்டை எங்கேயும் கிடைக்காது.

வீணைக்கு இதைப் போட்டு வாசிக்கலாமா?

காரைக்குடி என்றாலே வீணை என்று சொல்லும் அளவுக்குச் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் பெயர் வாங்கித் தந்த ஊர், அதனால் இந்தக் கேள்வியும் வருகிறது. வேண்டாம். வீணையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட, சுண்டுவிரல் பக்கத்துத் தாளக் கம்பிகளைத் தட்டும். இரண்டு விரல்களைச் சேர்த்து ஒரு தகட்டைப் பிடித்துவிட்டால் அந்தக் கை வேலையே நடக்காது.

ஈட்டி, செம்மரம் வச்சிருந்தா ஃபாரஸ்ட்காரங்க பிடிப்பாங்களா? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

செம்மரத்தைத் தொடவே வேண்டாம். கணக்கு இல்லாத துண்டு கையில் இருந்தால் வழக்குதான், சந்தனமும் அப்படியே. ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வேண்டும் என்றது அது. எனவே பச்சை ஈட்டிக் கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். நான் எடுப்பது உடைந்த நாற்காலிக் கை, கட்டில் கால், பட்டறைக் கழிவு மட்டும்தான். அழிவுநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் ஈட்டிக் குடும்பம் முழுவதும் 2017 ஜனவரியில் சேர்ந்தது. இசைக்கலைஞர்கள் பட்ட அவதியைப் பார்த்து, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் துணைப்பொருள்களுக்கும் 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. வியாபாரமாக அனுப்ப நினைத்தால் நம் நாட்டு ஏற்றுமதி விதிகள் தனியாக உண்டு, விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு பழைய வாசல் நிலை வாங்கி, அதை அறுத்து நூறு பிக் செஞ்சு வித்தா என்ன?

செய்யாதீர்கள், தயவுசெய்து. அந்தத் தெருவின் பழைய சாமான் கடைகளுக்கு வரும் ஒவ்வொரு நிலையும் எங்கோ இடிந்த ஒரு வீட்டின் முகப்பு. கொடியும் அன்னமும் செதுக்கிய கை இன்று கிடைக்காது. முழுதாக இருந்தால் இன்னொரு வீட்டில் அது நின்றுவிடும், நூறு பிக்காகச் சிதறினால் எதுவுமே மிஞ்சாது. அது பெரும்பாலும் தேக்காகத்தான் இருக்கும், பிக்குக்கு உதவாது என்று முன்னமே சொன்னேன். அதே கடைகளில் உடைந்த கால், சட்டம், கைப்பிடி என்று மூலையில் ஒரு குவியல் இருக்கும். அதைக் கேளுங்கள்.

தம்பி, எங்க அப்பச்சி ஊன்றின ஈட்டிக் கைத்தடி இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கிற பேரனுக்கு அதுல ஒரு பிக் எடுத்துத் தர முடியுமா? தடியும் கெடக்கூடாது.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் கேட்டது. இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை, தடியைக் கொண்டுவரச் சொன்னேன். விட்டம் 22 மில்லிமீட்டர். வழக்கமான 26 அகலம் கிடைக்காது, ஆனால் மெலடி வாசிப்பவர்கள் பிடிக்கும் சின்ன அளவு பிக் தாராளமாக வரும். தடியில் ரேகை இயல்பாகவே நீளவாக்கில் ஓடுவதால் முனை ஒடியும் கவலையும் இல்லை. பிடியைத் தொடவில்லை, அங்கே அப்பச்சியின் கை பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளத்திருந்தது. அடியில் ரப்பர் புஷ் மாட்டியிருந்த இடத்தில் நான்கு சென்டிமீட்டர் மட்டும் வெட்டினேன். புஷ்ஷைத் திரும்ப மாட்டியதும் தடியில் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தத் துண்டை நீளவாக்கில் சீவியதில் நடுவில் மூன்று நல்ல தகடு கிடைத்தது. ஒன்று தேய்க்கும்போது பிளந்துவிட்டது. ஓரத்தில் பழைய வெடிப்பு இருந்ததை நான் கவனிக்கவில்லை. மற்ற இரண்டும் நன்றாக வந்தன. ஒன்றைப் பேரனுக்கு அனுப்பினார்கள். இன்னொன்றை ஆச்சி மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார்.